நகத்தில் ஒரு சொட்டு வார்னிஷ்

மூன்றாவது இழுப்பறையிலும் தின்னர் பாட்டில் இல்லை. ஃபர்சானா மேசைமேல் கிடந்த பட்டு நூல்கண்டு, கோழி இறகு, தூண்டில் முள் டப்பா எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளினாள். இறந்துபோன அத்தாவைக் குளிப்பாட்டக் கொல்லையில் மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மட்டும் நிற்கிற இடம். மறைப்புக்குள் கொண்டுபோய்விட்டால் மகளென்றாலும் எட்டிப் பார்க்க முடியாது.

அத்தாவின் இடது கட்டைவிரல் நகத்தில் வார்னிஷ் இருக்கும். அது அவளைத் தவிர யாருக்கும் உறைக்கவில்லை.

அத்தா ஹபீப் ரகுமான் அயர்லாந்தில் ஓர் ஆற்றங்கரை விடுதியில் சமையல்காரராக இருந்தவர். வெளிநாடு போனவர்கள் தங்கமும் செண்ட்டுமாக வந்து இறங்க, இவர் ட்ரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் பூச்சி கட்டக் கற்றுக்கொண்டு வந்தார். சின்ன முள்ளில் பட்டு நூலைச் சுற்றி, மெத்தென்ற இறகை வளைத்துக் கட்டினால் தண்ணீரில் மூழ்கித் தத்தளிக்கிற பூச்சி மாதிரியே இருக்கும். அங்கே மீன் பிடிக்கிறவர்கள் வருடா வருடம் கேட்டு வாங்கினார்கள். காரைக்குடியில் அந்த மீனைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார் என்று தெருவே கேலி பேசியது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கட்டி முடித்த பூச்சியின் தலையில் வார்னிஷ் வைக்க வேண்டும். நூல் பிரியாமல், தண்ணீர் உள்ளே புகாமல் இருக்கத்தான் அது. இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டை விட்டுக்கொண்டு, அதை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு வைப்பார். காய்ந்துவிட்டால் நகத்தில் இருப்பதே தெரியாது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுத்தான், தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யப் போவார். "ஒரு மயிரெழ எடம் நனையாட்டியும் ஒளு கூடாதும்மா" என்பார். இன்று மதியம் லுஹர் பாங்குக்கு முன்பே நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்கும் அதே கணக்குதானே. வாழ்நாளெல்லாம் துடைத்த மனிதரை நகம் நனையாமல் அனுப்புவதா?

பாட்டில் ஜன்னல் கட்டையில், திரைக்குப் பின்னால் இருந்தது. அதையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அடுப்படி வாசலில் அண்ணன் ஜமீல் வாளியோடு எதிரே வந்தான்.

"அண்ணே, அத்தா நகத்துல வார்னிஷ் இருக்கும். இத வச்சுத் தொடச்சிட்டு ஊத்தச் சொல்லுங்க."

"என்ன புள்ள நீ, இந்த நேரத்துல வந்துக்கிட்டு?"

"தண்ணி ஒட்டாதுண்ணே. குளிப்பாட்டே சேராது."

"பள்ளிவாசல் மோதினாரு பாத்துக்கிருவாக. அஸர் தொழுகைக்குள்ள எடுக்கணும், நீ உள்ள போ."

"அவுகளுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கே தெரியாதுண்ணே. இடது கட்டவெரலு. அல்லாவுக்காக ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

பின்னால் அம்மா ஷரபுன்னிசா வந்து நின்றாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"போய்ப் பாருடா. அஞ்சு வேளையும் தொடச்சிட்டுத் தொழுத மனுசன்."

ஜமீல் பாட்டிலை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. யாரோ சலித்துக்கொள்வது கேட்டது. ஃபர்சானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ந்த வார்னிஷ் என்றால் ஊற வேண்டும், அவசரத்தில் சரியாகத் தேய்ப்பார்களா என்று மனம் அடித்துக்கொண்டது.

ஜமீல் வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல புள்ள. மோதினாரு பஞ்ச வச்சுத் தேச்சாக, நானும் சொரண்டிப் பாத்தேன். நகம் சுத்தமா இருக்கு."

"இடது கைதானே பாத்தீக?"

"ரெண்டு கையும் பாத்தேன். பச்சப் புள்ள நகம் கணக்கா இருக்கு." பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பினான்.

அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அத்தா துடைக்கவில்லை. காலையிலிருந்து அவள் பக்கத்திலேயேதான் இருந்தாள்.

சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். வீடு வெறிச்சென்றிருந்தது. அஸர் பாங்கு கேட்டதும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தவறிப்போன லுஹரையும் அவள் தொழ வேண்டும். கொல்லைக் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். விரல்களைத் தேய்க்கும்போது இடது கட்டைவிரல் நகத்தில் வழவழவென்று ஒரு மேடு தட்டுப்பட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் அத்தா தோளை நீவிக்கொண்டே இருந்தார். "கை மரத்தாப்புல இருக்கும்மா. இன்னைக்கு நீயே வச்சிரு" என்று வார்னிஷையும் கட்டி முடித்த பூச்சிகளையும் அவள் பக்கம் நகர்த்தினார். அதுவரை தலைக்கு வார்னிஷ் வைக்க யாரையும் விட்டதில்லை. "இப்பவாச்சும் என்னைய நம்புனீகளே அத்தா" என்று அவள் கேலி செய்தாள். அவரைப் போலவே நகத்தில் ஒரு சொட்டை விட்டுக்கொண்டாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து, சிரித்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபர்சானா, தொழ வரலியா?" உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"வர்றேம்மா."

குழாயை மூடிவிட்டு, அடுப்படியில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்து, பஞ்சைத் தின்னரில் நனைத்து நகத்தின்மேல் வைத்தாள். தேய்க்கவில்லை. வைத்தபடியே நின்றாள்.