கதவுக்கு வெளியே ராஜா

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாய்க்குட்டிகள். கொழுகொழுவென்று இருந்தது மாமியாரின் மகளுக்குப் போனது, நோஞ்சான் எனக்கு வந்தது. இந்த வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் அப்படித்தான். நாத்தனார் தன் குட்டிக்கு ராஜா என்று பெயர் வைத்தாள். நான் கடுகு என்று வைத்தேன். சிறுத்தாலும் காரம் குறையாது என்ற நம்பிக்கைதான்.

அந்தக் கடுகு பார்வோ என்ற தொற்றுநோய் வந்து செத்துப்போனது. முதலில் வாந்தி, பிறகு ரத்தமாகப் பேதி. டிரிப்ஸ் ஏற்றியும் தேறவில்லை. "இந்தக் கிருமி வீட்டுல மாசக்கணக்கா இருக்கும். தடுப்பூசி முழுசா முடியாத குட்டி எதையும் உள்ள விடாதீங்க" என்றார் டாக்டர். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் என் கைதான் வெந்தது. தரையைத் தேய்க்கலாம், சோபாவை என்ன செய்ய?

இன்று காலை ராஜாவோடு வந்து நின்றாள் நாத்தனார். குட்டி பளபளவென்று இருந்தது. கடுகுக்கு இருந்த அதே வெள்ளைப் புருவம். என் வயிறு பற்றி எரிந்தது. கூடப் பிறந்ததற்கு வராத நோய் என் குட்டிக்கு மட்டும் ஏன் வந்தது?

நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"உள்ள வேண்டாம். அதுக்கு ஊசி இன்னும் பாக்கி இருக்குல்ல?"

"ஒண்ணு போட்டாச்சு அண்ணி. வழிய விடுங்க."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. வீட்டத்தான் கழுவியாச்சே. தன் குட்டி போயிடுச்சு, அடுத்தவ குட்டியப் பாக்க இவளுக்குப் பொறுக்கல. நீ வாடி உள்ள."

நாத்தனார் கயிற்றைத் தளர்த்தினாள். ராஜா வாசற்படியில் முன்னங்காலைத் தூக்கியது.

"ஆமா அத்தை, பொறாமைதான். இவ குட்டியப் பாத்தா வயிறு எரியுது. அது சாகணும்னு நெனச்சிருந்தா, வாம்மான்னு கதவத் தொறந்து விட்டிருப்பேன்."

நாத்தனார் சட்டென்று ராஜாவை வாரி எடுத்து, அதன் பாதங்களைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"அண்ணி..."

"எல்லா ஊசியும் முடிஞ்சதும் கூட்டிட்டு வா."

அவள் தோளுக்கு மேலாக ராஜா என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஒரே ஒரு தடவை அதைத் தடவிக்கொடுக்கக் கை பரபரத்தது. கடுகின் வாந்தியை அள்ளிய கை. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.