கோராவுக்கு வந்த பன்றி வேஷம்

வில்மிங்டனில் ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நாங்களோ படப்பிடிப்புக் கொட்டகைக்குள் ஹாலோவீன் கொண்டாடிக்கொண்டிருந்தோம். ரப்பர் பூசணிக்காய், கம்பியால் கட்டிய பழுத்த இலை, வேஷத்துக்குள் வியர்வையில் குளிக்கிற நாற்பது பிள்ளைகள். அந்தப் பேய்ப் பண்டிகை வருகிற அக்டோபர் கடைசியில் டிவியில் வர வேண்டுமென்றால் இப்போதே எடுத்தாக வேண்டும். பதினெட்டு வருடமாக இந்தக் கூத்துக்கு உடை தைக்கிறவள் நான், வெர்னா.

அன்று காலை என் மேஜைக்கு ஒரு பன்றி வேஷம் வந்தது. ரோஸ் துணி, அட்டை மூக்கு, சுருட்டை வால். கோராவுக்காம். தொடரில் கதாநாயகியின் குண்டுத் தோழியாக நடிக்கிற பதினாறு வயதுப் பெண். பள்ளி விருந்துக்குப் பன்றியாக வருவாள், நாயகன் ட்ரெவர், "உனக்கு எதுக்குத் தனியா வேஷம்?" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். எழுதின கையை முறிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

கோரா அழவில்லை. "இதைப் போட்டா ஆயுசுக்கும் இந்தப் பேர்தான் எனக்கு. ஸ்கூல் பக்கம் தலைகாட்ட முடியாது. நான் போட மாட்டேன், வெர்னா."

"போடாதே. கழுத்துல கத்தியா வைக்கப்போறாங்க?" என்றேன். படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். பேய் தயார்.

எங்கள் இயக்குநர் முதலில் மொத்தக் கூட்டத்தையும் தூரத்திலிருந்து எடுத்துவிடுவார். அதில் பதிவான உடைதான் அந்தக் காட்சி முடியும்வரை. பேயைப் பார்த்தார், அப்படியே எடுத்தார்.

தயாரிப்பாளர் கிரேடன் வரும்போது மணி ஐந்தே முக்கால். ஆறுக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கோராவை வேலை வாங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கான சட்டம் அது. அதைக் கவனிக்கவே கடிகாரத்தோடு ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். மறுபடி எடுக்க நேரமில்லை.

"யாரைக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கல."

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "சரி. ட்ரெவர் அந்தத் துணியை உருவட்டும். உள்ளே பன்றி இருக்கணும். இல்லேன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்," என்றார்.

உடை மாற்றும் அறையில் கோராவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "உங்க வேலை போயிடுமே."

"என் வேலையை நான் பாத்துக்குறேன். நீ கையைத் தூக்கு, கண்ணு."

ஆறுக்கு ஐந்து நிமிடம். கேமரா ஓடியது. ட்ரெவர் துணியை உருவினான். உள்ளே இன்னொரு துணி, அதிலும் இரண்டு ஓட்டை. வசனம் மறந்து அதையும் உருவினான். அதற்குள்ளும் ஒன்று.

"இன்னும் இருக்கு. பொறுமையா உருவு," என்றது பேய். அது யாரும் எழுதின வசனமில்லை.

கொட்டகையே சிரித்தது. கோராவைப் பார்த்து இல்லை. கை நிறைய விரிப்போடு திருதிருவென்று விழித்த ட்ரெவரைப் பார்த்து.

"மணி ஆறு," என்று டீச்சரம்மா எழுந்துவிட்டார்.

"இதையே வெச்சுக்கலாம்," என்றார் இயக்குநர்.

கிரேடன் எனக்கு வாசலைக் காட்டினார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் அந்தப் பன்றி மூக்கை அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். அளவெடுக்காமலே அவருக்குப் பொருந்தும்.