கன்னடத்தில் ஒரு முருகன் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை கெம்பம்மா வருகிறாள் என்று தளி பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. முனிவேலும் கேட்கவில்லை. செத்துப்போன மனைவியின் அக்கா வேறு எதற்கு வருவாள்? குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகத்தான்.

ராஜாத்திக்கு மூன்று வயது. ருக்மணி இருந்தவரை கன்னடமும் தமிழும் கலந்து எதையாவது கொட்டிக்கொண்டிருந்த பிள்ளை. ஆடியில் மஞ்சள் காமாலை வந்து ருக்மணி போனாள். பிள்ளையின் பேச்சும் கூடவே போய்விட்டது. பால், வேணாம், மூகப்பா. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.

மூகப்பா என்றால் பாட்டு. அப்படித்தான் முனிவேல் எடுத்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் பாடுவான். அவளும் கேட்டபடியே தூங்கிப்போவாள்.

அது ருக்மணியின் பாட்டு. தளிக்காரர்கள் வீட்டில் பேசுவது கன்னடம், வெளியே தமிழ். கல்யாணமாகி வரும்போது சீரோடு ஒரு ராகிக்கல்லையும் கொண்டுவந்தாள். ஓசூர் சிப்காட் பக்கத்து லைன் வீட்டில் கல்லை வைக்க இடமில்லை. கட்டிலை நகர்த்தித்தான் போட்டார்கள். கல்லைச் சுற்றி ராகி அரைக்கும்போதெல்லாம் ஒரே பாட்டு.

*பீசோ கல்லாதுரூ மாத்தாடுத்தெ, முருகப்பா,*
*நின் மனேலி நானொப்ளே.*

முனிவேலுக்கு நாட்டுப்பாட்டென்றால் உயிர். கிருஷ்ணகிரியில் பி.எஸ்ஸி. படித்த காலத்தில், எந்த ஊரில் நாற்று நடவு என்று கேட்டுக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தவன். பாட்டைக் கேட்பான்; பாடுகிறவர்களோடு பேசமாட்டான். பேச்சு அவனுக்கு வராது. கம்பெனியில் சேர்ந்த பிறகு அரைகுறைக் கன்னடம் வந்தது. அதை வைத்து இந்தப் பாட்டுக்குத் தானே அர்த்தம் பண்ணிக்கொண்டான். அரைக்கிற கல்கூட உன்னைப் பற்றிப் பேசுகிறது முருகப்பா, உன் சன்னிதியில் நான் ஒருத்தி நிற்கிறேன். ‘ரு’ மட்டும் காதில் சரியாக விழவில்லை. தளிப் பக்கம் அதை விழுங்கிப் பாடுவார்கள் போல என்று விட்டுவிட்டான்.

கல்யாணமான வருஷம் தைப்பூசத்தன்று, கூட வேலை செய்கிற கந்தனும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். “எங்க வீட்ல கன்னடத்துல முருகன் பாட்டு இருக்குது” என்றான் முனிவேல். அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதே அவர்களுக்கு அதிசயம். ருக்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பாடினாள். கந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கெம்பம்மா பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பை நிறைய அவரைக்காய். உள்ளே வந்ததும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“என்னா தம்பி, எளச்சிட்டீங்க.”

“ம்.”

“சமையலு?”

“ஆவுதுக்கா.”

“கொழந்த எதுனா பேசுதா?”

அவன் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவன் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தை அவளிடம்தான் இருக்கும்.

“பேசறதா? நல்லாக் கேட்டீங்க போங்க. அப்பனும் மவளும் ஒருத்தருக்கொருத்தர் சளைச்சதில்ல. செவுத்துக்கு அந்தாண்ட இருந்து கேட்டா வீட்ல ஆளிருக்குதா பூட்டிட்டுப் போயிட்டாங்களான்னே தெரியாது. எங்கூட்டுப் பல்லி இதவிடப் பேசும்.”

“அதுக்குத்தான் வந்தன்” என்றாள் கெம்பம்மா. “எங்கூட்ல நாலு புள்ளைங்க இருக்குது. மாடு கன்னு இருக்குது. சண்ட போடறதுக்காச்சும் வாயத் தொறக்கும். பள்ளிக்கூடம் சேக்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும் தம்பி.”

முனிவேல் இதற்கென்று ஒரு பதில் வைத்திருந்தான். வாரம் முழுக்க லேத்து முன்னால் நின்று யோசித்து வைத்த பதில்.

“இங்க பாட்டு இருக்குதுக்கா.”

“என்னா பாட்டு?”

“ருக்மணி பாட்டு. முருகன் பாட்டு. நான் பாடுவன். அதக் கேட்டாத்தான் தூங்கும். அங்க வந்தா தூங்காது.”

“முருகன் பாட்டா? நாங்க திம்மராயசாமியக் கும்புடறவங்க. எங்கூட்ல ஏது முருகன் பாட்டு?” கெம்பம்மா சரோஜம்மாளைப் பார்த்தாள். “எங்க, பாடுங்க கேப்பம்.”

அவன் பாடினான். குரல் சுமார்தான், ஆனால் மெட்டு பிசகவில்லை. முதல் வரி முடிவதற்குள் கெம்பம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். ருக்மணியே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. முந்தானை வாயிலேயே இருந்தது.

“தம்பி, அது முருகப்பா இல்ல. மூகப்பா.”

“ஆமா. உங்க பக்கம் ரு…”

“ரூவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூகன்னா ஊமை.”

மற்ற எல்லாச் சொல்லும் அவனுக்குத் தெரியும். ஒரு சொல்தான் தெரியாமல் இருந்தது. இப்போது அதுவும் தெரிந்ததால், யாரும் சொல்லாமலே பாட்டு தானாக அர்த்தமாயிற்று. அரைக்கிற கல்கூடப் பேசுகிறது, ஊமையப்பா. உன் வீட்டில் நான் தனியாள்.

சரோஜம்மாள் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

“வாய்செத்த ஆம்பளைக்கு வாக்கப்பட்டவ பாடற பாட்டு” என்றாள் கெம்பம்மா. “எங்கூர்ப் பொம்பளைங்க கேலிக்குப் பாடுவம். கல்யாணமான புதுசுல வந்தப்ப எங்கிட்டச் சொன்னா. ‘அக்கா, அவருக்கு இது முருகன் பாட்டாம். பேக்டரி ஆளுங்க முன்னாடி பாடச் சொல்றாரு. ஒருத்தரு கன்னத்துல போட்டுக்கறாரு’ன்னு உருண்டு உருண்டு சிரிச்சா.”

“அப்புறம்?”

“அப்புறம் வந்தப்பவும் பாடுனா. சிரிக்கல.”

முனிவேல் ராகிக்கல்லைப் பார்த்தான். ருக்மணி கல்லருகே உட்கார்ந்ததும் ரேடியோவை நிறுத்திவிடுவான். வேலை முடிந்து வருகிறபோது பாட்டுக் கேட்டால், அது முடிகிறவரை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பான். உள்ளே நுழைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அவளிடம் அதைச் சொன்னதில்லை. நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் போதாதா என்று நினைத்திருந்தான். இப்போது கெம்பம்மாவிடமாவது சொல்லலாம். வாய்வரை வந்தது. வந்த வழியே போய்விட்டது.

“செரி தம்பி, ஒண்ணு கேக்கறன்.” கெம்பம்மா குழந்தையை இறக்கிவிட்டாள். “கூப்புட்டு நாலு வார்த்த பேசுங்க. பாட்டு வேணாம், பேச்சு. அது திருப்பி ஒரு வார்த்த பேசிடுச்சின்னா நான் இப்பவே பஸ் ஏறிடறன். சாமி சத்தியமா கேக்கமாட்டன்.”

“ராஜாத்தி” என்றான்.

வந்து முழங்காலருகே நின்றாள்.

“சாப்ட்டியா?”

தலையாட்டினாள். காலையில் அவன்தான் இட்லி ஊட்டியிருந்தான். அது அவளுக்கும் தெரியும்.

அடுத்து என்ன கேட்பது? பூனை, பொம்மை, பஸ், நிலா. ஒவ்வொன்றாக மனதில் எடுத்து, இதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று கீழே வைத்தான். ராஜாத்தி காத்திருந்தாள். பழகியவள்போலக் காத்திருந்தாள். பிறகு கையை உயர்த்தி அவன் தாடையைத் தொட்டாள்.

“மூகப்பா.”

பாடுவதற்கு வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டான்.

“பாட்டு கேக்குதுக்கா.”

கெம்பம்மா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

“பாடச் சொல்லல தம்பி அது.”

“பின்ன?”

“உங்களக் கூப்புடுது.”

கவுன்களை அவனே மடித்துப் பையில் வைத்தான். பால் டம்ளர், சீப்பு, ருக்மணி பின்னிய குல்லாய். தளியில் குளிர் அதிகம். அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெம்பம்மாவே குல்லாயை எடுத்துக் குழந்தைக்கு மாட்டினாள். அவரைக்காய் அடுப்படியில் கிடந்தது. “வேகவெச்சு உப்புப் போட்டுக்குங்க, நல்லாருக்கும்” என்றாள் படியிறங்கும்போது. அவன் தலையாட்டினான்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தளி வண்டி கிளம்ப உறுமிக்கொண்டு நின்றது. கெம்பம்மாவுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. ராஜாத்தி அவள் மடியில் நின்று கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்தாள். வண்டி பின்வாங்கித் திரும்பியபோதுதான் அவன் கூட வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

“மூகப்பா!” என்று கத்தினாள். “மூகப்பா! பா!”

‘பா’ என்றால் கன்னடத்தில் வா. ஆடிக்குப் பிறகு அவள் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகள்.

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த தளிக்காரி திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளை கேலி செய்கிறது என்று நினைத்திருப்பாள். முனிவேல் கையைத் தூக்கினான். குழந்தை பேசிவிட்டது, இறக்கிவிடுங்கள் என்று கெம்பம்மாவிடம் சொல்லியிருக்கலாம். பந்தயம் அதுதானே. வண்டி ஒன்றும் வேகமாகப் போகவில்லை. படியில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் கண்டக்டர் விசில் அடித்திருப்பார்.

தூக்கிய கையோடு நின்றான். வண்டி தளி ரோட்டில் திரும்பியது.

வீடு திரும்பியபோது சரோஜம்மாள் வாசலில் மணைப்பலகைமேல் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்பிட்டியாப்பா?”

“ம்” என்றான் முனிவேல்.