முடியக் கூடாத அடுப்படி

"ஆணி இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா. கையோட கொண்டாந்துட்டேன்."

தங்கையாவின் வாசலில் நின்று திலகம் உள்ளங்கையை விரித்தாள். பனியில் நனைந்து கிழிந்திருந்தது ஆணிப் பொட்டலம். தேயிலைத் தோட்டத்துத் தச்சர் தங்கையா குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். ஆணியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"மழ வரும் போல இருக்குலா."

"மழ நேத்தும்தான் வந்துச்சு. செவுத்துல சாத்தி வச்ச ஜன்னல் சட்டத்துல காளானே மொளச்சிருச்சு. ஒரே ஒரு ஜன்னல் மாமா. அம்மாவுக்குக் கஞ்சித்தண்ணிகூட எறங்கல."

தங்கையா எழுந்து வெளியே வந்தார். லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக் கதவுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நான் வராம இல்ல புள்ள. வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"யாரு? ஆபீஸ் கிராணியா?"

"ஒங்கப்பன்."

திலகத்தின் கையிலிருந்து ஓர் ஆணி நழுவிச் சேற்றில் விழுந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட நாளில், லோரியை விட்டு இறங்கியதும் அம்மா கேட்டது மருந்தை அல்ல. "அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வேணும்." அவ்வளவுதான். லயத்து அடுப்படி ஒரு தகரப் பெட்டி. உள்ளே வந்த புகைக்கு வெளியே போக வழி கிடையாது. அம்மா வேலம்மாவின் நெஞ்சை அரித்ததும் அந்தப் புகைதான் என்று திலகத்துக்கு ஒரு சந்தேகம். பின்பக்கம் நீட்டிக் கட்டிக்கொள்ளத் துரையிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார் கிராணி. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் திட்டம் போட்டார்கள்.

"தீபாவளிக்கு முடிச்சிடலாம்கா," என்றார் தங்கையா. கட்டிலில் கிடப்பவளிடம் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

திலகம்தான் தலையாட்டவில்லை. "பலக கோலா தெர்லாவுலேர்ந்து வரணும். காய்கறி லோரிக்காரன் எடம் இருந்தாத்தான் ஏத்துவான். இந்த மழையில சிமெண்டு காயாது. மாமாவும் தோட்ட வேல முடிஞ்சுதான் வருவாரு. இப்பக் கொழுந்து எடுத்த மலை மறுபடி துளுத்து, அதையும் எடுத்து, அப்புறமும் துளுத்தாத்தான் தரையே ஆகும். பொங்கல்னு வச்சிக்குவோம்மா."

வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "எம்மவ கணக்குத்தான் கணக்கு. பொங்கலுக்கு அந்த அடுப்புல பால் பொங்கட்டும். முடிஞ்சத என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா இருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கையிலடித்துக் கொடுத்த சத்தியத்தை வாங்கிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக இழுத்தது. பலகை வந்தால் கீல் காணாமல் போனது. கீல் கிடைத்தால் சிமெண்டு மூட்டை நனைந்து கிடந்தது. தன் கணக்கில் எங்கே ஓட்டை என்று திலகம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஓட்டை அவள் கணக்கில் இல்லை.

தங்கையாவிடமிருந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்படியில்தான் இருந்தார். ஜன்னலுக்காக விட்ட இடைவெளியில் சாக்குத் தொங்கியது. அதற்கு எதிரே குத்துக்காலிட்டு, திருடனைக் காவல் காக்கிறவர் மாதிரி.

"தங்கையா மாமா சொல்லிட்டாரு."

அப்பா திரும்பவில்லை. "அவ சொன்னா சொன்னதுதான். கட்டிட்டு வந்த நாள்லேர்ந்து ஒரு வார்த்த பெறண்டது கெடையாது."

"அதுக்கு?"

"பாத்துட்டுத்தான் போவேன்னு சொன்னாள்ல." சாக்கின் ஓரத்தை விரலால் திருகினார். "முடிச்சிட்டா?"

வழி நெடுகச் சேர்த்து வைத்த கோபமெல்லாம் திலகத்துக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சாக்கின் இழைகள் வழியே பனி நூல் நூலாக உள்ளே வந்துகொண்டிருந்தது. முன் அறையில் அம்மா இருமினாள். இருமல்கூட இப்போது தூரத்து வீட்டில் கேட்பது போலத்தான் கேட்டது.

"பாக்காமலே போயிட்டா, அப்பா?"

அப்பா எழுந்தார். சாக்கை ஒரே இழுப்பில் பிய்த்தெறிந்தார்.

"தங்கையாவக் கூப்புடு."

மத்தியானத்துக்குள் ஜன்னல் உட்கார்ந்துவிட்டது. அப்பா வேலம்மாவைக் கம்பளியோடு வாரித் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பளிக்குத்தான் கனம். ஜன்னலுக்கு வெளியே மலையே இல்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு கொழுந்துக் கூடை மிதந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று. சுமப்பவர்களின் முகம் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கேலி செய்ய, ஒரு சிரிப்பு சரிவில் உருண்டு கீழே போனது. வேலம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல அப்பா அவள் வாயையே பார்த்தார்.

"ஏங்க."

"ம்."

"செவுத்துக்குச் சாயம் அடிக்கலையே."

தங்கையா சுத்தியலைத் தூக்கி மூலையில் போட்டார். "அட, என்னாக்கா நீ! முடிஞ்சுதுன்னு நெனச்சேன்லா."

"முடிஞ்சுதா? நல்லா முடிஞ்சுது போ. நீலம் அடிக்கணும். வானம் மாதிரி. அப்புறம் சட்டி வைக்க ஒரு பலக. அப்புறம்..." மூச்சு வாங்கியது. "அப்புறம் வாசப்படிக்கு ஒரு கல்லு."

அப்பாவின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. "அதுக்கெல்லாம் நாளாகும் வேலு."

"ஆகட்டும்லா. எனக்கென்னா அவசரம்."

சொல்லும்போது அவள் கண்கள் அவர் தோளுக்கு மேலாகத் திலகத்தைப் பார்த்தன. ஒரு கணம்தான். திலகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடை சாத்துவதற்குள் சாயம் வாங்கி வர வேண்டுமென்று கம்போங் ராஜா கடைத்தெருவுக்குப் போகும் லோரியில் தொற்றிக்கொண்டு போய்விட்டார் அப்பா. லோரிச் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது.

"போயிட்டாரா?" என்றாள் அம்மா.

"போயிட்டாரும்மா."

"பாவம். மனுசனுக்குக் கையில வேல இருக்கணும்."

திலகம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தாள். இரண்டாம் முறை வைத்தபோது தண்ணீர் உள்ளே இறங்காமல் கன்னத்தில் வழிந்தது.

அப்பா வரும்போது லயம் முழுக்க வாசலில் நின்றது. பெண்களின் அழுகை ரோட்டு வளைவிலேயே அவருக்குக் கேட்டிருக்கும். சாயத் தகரத்தை மெதுவாக, சத்தம் வராமல், கீழே வைத்துவிட்டு வேலம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். விடியும்வரை அங்கேயே இருந்தார்.

காலையில் ஆட்கள் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கமிருந்து சரக் சரக்கென்று ஒரு சத்தம். பழைய கங்காணி செல்லையா எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"எழவு வீட்டுல சாயம் அடிக்கிறான் புள்ள ஒங்கப்பன்! புத்தி கித்தி பெசகிருச்சா? நீயாச்சும் சொல்லேன்."

"ஒரு செவுருதான் பெரியப்பா."

"மழ எறங்கிருச்சுன்னா மேட்டுல தூக்கிட்டு ஏற முடியாது. ஆளுங்க நிக்கிறாங்க. எவ்ளோ நேரம் ஆகும், அதச் சொல்லு. ஒன் கணக்குத் தப்பாதே."

திலகம் உள்ளே போய்ப் பார்த்தாள். சுவர் நீலமாகிவிட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கையகலம்தான் பாக்கி. தூரிகையை இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்துவிடும். அப்பா தூரிகையைத் தகரத்துக்குள் விட்டு, எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்தாள்.

"இன்னும் நேரம் ஆகும் பெரியப்பா," என்றாள்.

செல்லையா அவளையே பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மழைக்கு ஒதுங்குவது போலத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் உட்கார்ந்தார்கள். யாரோ வெற்றிலை மடித்தார்கள்.

அப்பாவாகவே சாயக் கையைக் கழுவாமல் வந்து நின்றபிறகுதான் பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் ரோட்டு வளைவோடு நின்றுவிட்டார்கள். தேயிலைக்கு நடுவே மேடேறிய கூட்டத்தைப் பனி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. எல்லாருக்கும் முன்னால் கொள்ளிச்சட்டியோடு அப்பா போனார். புகைந்துகொண்டிருந்த அந்தச் சட்டியின் வயிற்றில் அவர் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன.