இரண்டு விரல் துணி

வீட்டில் என்னை முக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். நீச்சல், கிதார், பிரெஞ்சு என்று நான் கைவைத்த எதுவும் முக்கால்வாசியைத் தாண்டியதில்லை. பெயர் வைத்தது அக்கா.

அதனால் சித்தி தன் பழைய தையல் மிஷினை எங்கள் வீட்டில் இறக்கியபோது ஒரு நிபந்தனையையும் சேர்த்தே இறக்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் நிற்க வேண்டும். நின்றால் மிஷின் எனக்கு. இல்லாவிட்டால் அது திரும்பிப் போகும்.

எனக்கு அது வேண்டும். கடையில் வாங்கிய எந்தச் சட்டையிலும் ஒரு புத்தகம் போகிற அளவுக்குப் பை இருந்ததில்லை. நான் படிக்கும் நாவல்களில் வருகிறவர்கள் கோட்டுப் பைக்குள் கையை விட்டால் ஒரு நகரத்தையே வெளியே எடுப்பார்கள். என் பைகளில் பஸ் டிக்கெட்கூட மடித்தால்தான் போகும்.

பழைய சட்டையைத் துணிமேல் விரித்து, ஓரத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினேன். பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலு அங்குலம் தைப்பேன், எழுந்து போய் ஜன்னலைத் திறப்பேன், தாகமில்லாமல் தண்ணீர் குடிப்பேன், திரும்பி வந்து ஜன்னலை மூடுவேன். மிதியை விட்டு எடுத்த பிறகும் கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு சாயங்காலம் கடைசித் தையலைப் போட்டுவிட்டுச் சட்டைக்குள் நுழைந்தேன். தோளுக்குக் கீழே அது இறங்க மறுத்தது. கழற்றப் பார்த்தால் மேலேயும் வரவில்லை. கைகள் தலைக்கு மேல், முகம் துணிக்குள். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

"வாங்க சித்தி, முக்கால் உள்ளதான் இருக்கா. வெளிய வர வழி தெரியாம நிக்கறா," என்றாள் அக்கா.

சித்தி என்னை ஒரு சுற்றுச் சுற்றி வருவது கேட்டது.

"தையலுக்குத் துணி விட்டியா?"

"அப்படின்னா?"

"ஓரத்துல ஒரு விரல் உள்ள மடிஞ்சு போகும்ல. அதையும் சேத்து வெட்டணும்டி."

கத்தரியை எடுத்துவரச் சொன்னாள். நான் உள்ளிருந்தே தடுத்தேன். "துணிய வெட்டாதீங்க சித்தி. தையலப் பிரிங்க."

அவள் பிளேடால் பிரித்தாள். ஊசி போன துளைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக, கோணல் மாணலாக நுழைந்தது. பிறகு காற்று வந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகத் தொங்கின. பழைய தையல் தடங்களைப் பொருத்திப் பார்த்தால், இருபுறமும் இரண்டு விரல் துணி குறைந்தது.

சட்டை முடிந்ததா என்று சித்தி கேட்டாள். இல்லை என்றேன். வாசலில் நின்ற தன் வண்டி டிரைவரைக் கூப்பிட்டு மிஷினைத் தூக்கச் சொன்னாள்.

அது போன பிறகு, தரையில் அதன் கால் பதிந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். மறுநாள் அக்காவின் பழைய நீலத் தலையணை உறையை எடுத்து, குறைந்த இரண்டு விரலுக்கு, தையலுக்கும் சேர்த்து நாலு விரல் அகலத்தில் பட்டைகள் வெட்டினேன். ஊசியில் நூல் கோத்தேன்.

"மிஷினே போயிடுச்சு, இன்னும் என்னடி?" என்றாள் அக்கா.

"பை வைக்கணும்."

தலையணை உறையை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். மிச்சத் துணியை மடித்து என் பக்கமே தள்ளினாள்.

அடுத்த வாரம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துச் சித்தி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் நீலப் பட்டையை இழுத்துப் பார்த்தாள். தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"கையாலயா?"

"ம்."

என் பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி அதிலேயே வைத்தாள். முழுதாக உள்ளே போனது.

"வண்டி சொல்லிட்டு வந்தியா? இல்ல, மிஷினத் தலையில தூக்கிட்டுப் போகப் போறியா?"

கதவருகே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"முதல்ல உக்காருடி," என்றாள்.

உட்கார்ந்தால் இடப்பக்கத் தையல் தாங்குமா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.