பொய்த் திருகாணி

அருங்காட்சியகத்தின் ஆயுதக் காப்பாளர் ஒரு சந்தேகப் பிராணி. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தும் நம்பாமல் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஆள். அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு பெண் வந்து, "சார், அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கிற கைத்துப்பாக்கியை யோசிச்சுச் செஞ்சது எங்கப்பா. நீங்க வேற பேரு போட்டிருக்கீங்க" என்றால் சும்மா விடுவாரா?

அந்த வேறு பேர் காப்பாளருடைய மாமனார் பேர். ஆயுதத் தொழிற்சாலையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். பெண்ணின் அப்பா அங்கே பாகங்களைப் பொருத்துகிற வெறும் பிட்டர்.

துப்பாக்கி விசித்திரமானதுதான். மற்றவற்றில் சுட்டதும் மேல்பாகம் பின்னுக்கு ஓடும். இதில் குழலே முன்னுக்கு ஓடி, காலித் தோட்டாவை உதறிவிட்டு, திரும்பும்போது அடுத்ததை வாங்கிக்கொள்ளும். மொத்தம் நாற்பதுதான் செய்தார்கள். மாமனார் இதை மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்.

"அப்பா படுத்த படுக்கையா இருக்கார் சார். கண்ணை மூடுறதுக்குள்ள தன் பேரை அங்க பாக்கணும்கிறார்." மஞ்சளேறிய டிராயிங் ஒன்றை விரித்தாள். காப்பாளர் அதை முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய தாளில் புதுசாக வரைய எவ்வளவு நேரமாகும்?

"கைப்பிடியில ஒரு திருகாணி தெரியுதில்ல? அது பொய். துப்பாக்கி முழுக்க ஒரு திருகாணிகூடக் கிடையாது. அது இல்லாம எப்படி நிக்கும்னு அதிகாரிங்க நம்பல. அவங்க மனசு ஆறட்டும்னு அப்பா ஒரு தலையை மட்டும் செதுக்கி வச்சார். பழுதுன்னா கழட்டுறதுக்கு அவர்கிட்டதான் வரும்."

அவள் டிராயிங்கை விட்டுப் போனதும் காப்பாளர் கதவைச் சாத்திக்கொண்டு துப்பாக்கியை வெளியே எடுத்தார். திருகாணி அசையவில்லை. டிராயிங்கில் காட்டியிருந்தபடி தோட்டா போகும் பள்ளத்துக்குள் விரலை விட்டு, மறைந்திருந்த ஊசியை அழுத்தி, குழலை முன்னே தள்ளினார். துப்பாக்கி நாலு துண்டாகக் கையில் விழுந்தது. டிராயிங்கைப் பார்த்துப் பார்த்து மறுபடி மாட்டி வைத்தார்.

இருந்தாலும், மாட்டிப் பூட்டுகிற பிட்டருக்கு இது தெரியாதா என்ன? அப்படியானால் துப்பாக்கியைப் பெற்றெடுத்த மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. சந்தேகம் சொந்த வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அன்றைக்கு மனைவி முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மாமனாரையும் அந்தப் பெண்ணையும் வரச் சொன்னார், ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விடாமல். மாமனார் முதலில் வந்தார்.

"மாமா, உள்ள துருப் பிடிச்சிருக்கான்னு பாக்கணும். கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

"இது நான் பெத்த புள்ளையாச்சே மாப்ளே!" துப்பாக்கியை இரண்டு முறை புரட்டினார். "ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்க."

காப்பாளர் கொடுத்தார். மாமனார் பல்லைக் கடித்துத் திருகினார். வழுக்கியது. "இறுகிப்போச்சு. கொஞ்சம் எண்ணெய் விடுங்க."

காப்பாளருக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் வாசலில் வந்து நின்றிருந்த பெண் உள்ளே வந்தாள். துப்பாக்கியை வாங்கினாள், பள்ளத்துக்குள் விரலை விட்டாள், நாலு துண்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"நான் அந்தப் பிட்டரோட மக."

மாமனார் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழட்டுற விதத்தை மட்டும் அவன் எனக்குச் சொல்லவே இல்லயே" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லயாம்."

காப்பாளர் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார். பெயர்ப்பலகையில் இரண்டு திருகாணிகள், இரண்டும் நிஜமானவை. ஸ்க்ரூ டிரைவர் இன்னும் மாமனார் கையில்தான் இருந்தது.

"குடுங்க மாமா" என்று கையை நீட்டினார்.