நடு அணியில் நின்றவன்

அந்தக் கணினிப் போர் விளையாட்டில் தம்பிக்கு எப்போதும் நடு அணிதான். கேடயமும் ஈட்டியும் பிடித்த காலாட்படை. எதிரி வந்து மோதும்போது வரிசை கலையாமல் மெல்ல மெல்லப் பின்வாங்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து எதிரி உள்ளே வருவான். அதற்குள் அண்ணனின் குதிரைப்படை ஓரமாகச் சுற்றிப் போய் அவன் முதுகில் பாயும். செத்துக் குவிவது தம்பியின் ஆட்கள், கைதட்டல் அண்ணனுக்கு. இணையத்தில் அண்ணனுக்கு ராஜாளி என்று பெயர். தம்பிக்கு ஆணி. அடித்த இடத்தில் நிற்பான் என்று அண்ணனே வைத்தது. தம்பிக்கு அதில் பெருமைதான்.

ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகள். அண்ணன் ஷோரூமில் கார் விற்பவன். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன்.

இறுதிப் போட்டியில் அண்ணன் எதிரியின் குதிரைகளை முதல் மோதலிலேயே சிதறடித்தான். திரும்பி வரவேண்டியதுதான் பாக்கி. ஆனால் எதிர்த் தளபதி தப்பி ஓடுவது அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"அண்ணா, திரும்பு. தாங்க முடியல."

"இருடா, இவன் தலைய எடுத்துட்டு வந்துடறேன்."

"தலை எங்கயும் போகாது. முதல்ல வா!"

வரவில்லை. தம்பியின் வரிசை நடுவில் கிழிந்தது. பிறகு எல்லாம் ஓட்டம்தான்.

மறுநாள் அண்ணன் ஒரு துண்டு வீடியோ போட்டான். அதில் தம்பியின் படை ஓடுவது மட்டும் இருந்தது. 'நம்பி நிறுத்தினேன்' என்று கீழே ஒரு வரி. கடையில் பில் போடுகிறவர்கூடக் கேட்டார்: "என்னப்பா ஆணி, கழண்டுக்கிச்சாமே?"

தம்பி ஆட்டத்தின் முழுப் பதிவையும் அண்ணன் முன்னால் ஓடவிட்டான். அண்ணன் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தா வந்திருப்பேனேடா."

பொய் சொல்கிறவனின் முகமில்லை அது. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான்.

தம்பி வேறொரு அணியில் சேர்ந்தான். அடுத்த போட்டியில் அண்ணனின் அணியே எதிரே வந்தது. தம்பி நீண்ட ஈட்டிக்காரர்களை மரங்களுக்குள் ஒளித்தான். தன் தளபதியைச் சில குதிரைகளோடு வெளியே நிறுத்தி, மோதியதும் காட்டுப்பக்கம் ஓடச் சொன்னான்.

புது அணியில் கூட ஆடும் ஒரு நர்ஸ் பயந்தாள். "தளபதியையே தூண்டில்ல மாட்டுறீங்களே. உங்கண்ணன் துரத்திட்டு வராட்டி?"

"வருவான். எங்கண்ணன எனக்குத் தெரியும்."

வந்தான், மொத்தக் குதிரைப்படையோடும். சுவருக்கு அப்பாலிருந்து அவன் குரல் கேட்டது: "இருடா, இதோ வந்துடறேன்." நடு அணியில் புதிதாக யாரையோ நிறுத்தியிருக்கிறான். அந்த யாரோ ஒழுங்காக, வரிசை கலையாமல் பின்வாங்கிக்கொண்டிருந்தான். வராத குதிரைகளுக்காகக் காத்திருந்தான். தம்பியின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு, அந்த வரிசையை நசுக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தான்.

அதற்குள் அண்ணனின் குதிரைகள் ஈட்டிகளில் சொருகிக் கிடந்தன. பக்கத்து அறையில் ஏதோ தரையில் விழுந்து உடைந்தது.

அண்ணன் திட்டவில்லை. பேச்சையே நிறுத்திக்கொண்டான். சில நாளில் ஷோரூமுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டான். வேனில் கட்டிலை ஏற்றும்போது தம்பி ஒரு முனையைப் பிடிக்கப் போனான். அண்ணன் அதை அவன் கையிலிருந்து வாங்கி டிரைவரிடம் கொடுத்தான்.

அண்ணி மட்டும் அருகில் வந்தாள். "வெறும் கேம்தானே தம்பி. விட்டுக்கொடுத்திருக்கலாமே."

"இத்தனை வருஷமா வேற என்ன அண்ணி பண்ணேன்?"

அவள் வேனில் ஏறினாள்.

அம்மா அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள், அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொல்லி.